வீட்டில் கேம் சர்வர்: நண்பர்களால் நுழைய முடியாதபோது படிப்படியாகச் சரிசெய்வது எப்படி

சர்வர் ஓடுகிறது. உங்கள் கணினியில் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் இங்கே சிங்கப்பூரில் தெம்பனிசில் இருக்கும் வகுப்புத் தோழனுக்கும் திருச்சியில் இருக்கும் அத்தை மகனுக்கும் "கனெக்‌ஷன் டைம்ட் அவுட்" என்றே வருகிறது. இந்த நிலையில் பெரும்பாலோர் நேராக ரவுட்டர் பக்கத்துக்குப் போகிறார்கள். போர்ட்டை (கேமுக்கான கோரிக்கை உள்ளே வரும், எண்ணிட்ட கதவு) திறக்கிறார்கள், ஃபயர்வாலை (வேண்டாத கோரிக்கைகளைத் தடுக்கும் காவல் நிரல்) அணைக்கிறார்கள், கேமை அழித்துவிட்டுத் திரும்பப் போடுகிறார்கள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். அப்புறம் எது தடையாக இருந்தது, எது சரியானது என்று யாருக்கும் தெரிவதில்லை.

உள்ளேயிருந்து வெளியே போவதுதான் சரியான வரிசை. முதலில் அதே கணினி, பிறகு வீட்டுக்குள் இன்னொரு கணினி, பிறகு ரவுட்டர், கடைசியாக வெளியுலகம். ஒரு வளையம் தேறாமல் அடுத்ததைத் தொடாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம், உடனே சோதனை. இதைக் கடைப்பிடித்தால் பாதிச் சிக்கல் ரவுட்டருக்குப் போகும் முன்பே தீர்ந்துவிடும்.

இங்கே விண்டோஸ் கணினியில் ஓடும் மைன்கிராஃப்ட் ஜாவா சர்வரை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். மற்ற கேம்களுக்கும் இதே வரிசைதான், எண்கள் மட்டும் மாறும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ரவுட்டரின் நிர்வாகி கடவுச்சொல். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். சில டெல்கோக்கள் (இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள்) கொடுக்கும் ரவுட்டரில் செயலி வழியாகத்தான் அமைப்புகளை மாற்ற முடியும். அப்படியானால் யார் பெயரில் இணைப்பு இருக்கிறதோ அவருடைய கணக்கு வேண்டும். அப்பா வேலைக்குப் போன பிறகு இதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஒரு லேன் கேபிள். மொபைல் டேட்டா உள்ள ஒரு கைப்பேசி. வெளியிலிருந்து சோதித்துச் சொல்ல, பொறுமையான நண்பர் ஒருவர்.

அடுத்து, உங்கள் கேமின் போர்ட் எண்ணும் வகையும். வகை என்பது தரவு போகும் முறை, டிசிபி அல்லது யுடிபி. மைன்கிராஃப்ட் ஜாவாவுக்கு டிசிபி 25565, பெட்ராக்குக்கு யுடிபி 19132, டெர்ராரியாவுக்கு டிசிபி 7777, வால்ஹெய்முக்கு யுடிபி 2456, 2457, ஃபேக்டோரியோவுக்கு யுடிபி 34197. எண் சரியாக இருந்து வகை தவறினாலும் கதவு திறக்காது. ஆகவே இரண்டையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஐபேடிலும் கைப்பேசியிலும் ஓடுவது பெட்ராக் பதிப்பு. அதிலிருந்து சாதாரண ஜாவா சர்வருக்குள் நுழைய முடியாது. தங்கைக்கு மட்டும் வரவில்லை என்றால் முதலில் அவள் எதில் விளையாடுகிறாள் என்று பாருங்கள்.

2. பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள்

"வரலடா" என்று நண்பர் அனுப்பும் செய்தியை வைத்து எதையும் செய்ய முடியாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் இருக்கும் ஒரு வரி, தேட வேண்டிய இடத்தைக் காட்டிவிடும்.

"கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்" என்றால் கோரிக்கை ஏதோ ஒரு கருவியை எட்டிவிட்டது, ஆனால் அந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்க ஆள் இல்லை. சர்வர் ஓடவில்லை, அல்லது போர்ட் எண் தவறு, அல்லது ரவுட்டர் வேறு கணினிக்கு அனுப்புகிறது.

"டைம்ட் அவுட்" என்றால் கோரிக்கைக்குப் பதிலே வரவில்லை. வழியில் யாரோ சத்தமில்லாமல் விழுங்கிவிட்டார்கள். ஃபயர்வால், ரவுட்டர், டெல்கோ ஆகிய மூன்றில் ஒன்று. கீழே 5, 6, 7ஆம் படிகள் இதற்காகத்தான்.

"அன்நோன் ஹோஸ்ட்" என்றால் முகவரியைத் தட்டியதில் பிழை. வாட்ஸ்அப்பில் நகலெடுத்து ஒட்டும்போது ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்தாலும் போதும், பிழை காட்டும். "அவுட்டேட்டட் சர்வர்", "அவுட்டேட்டட் கிளையன்ட்" என்று வந்தால் மகிழ்ச்சியடையுங்கள், இணைப்பு சரியாக இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே பதிப்பு எண்ணுக்கு வந்தால் போதும்.

3. அதே கணினியில் சோதனை

சர்வர் ஓடும் கணினியிலேயே கேமைத் திறந்து, முகவரி இடத்தில் 127.0.0.1 என்று கொடுங்கள். இது கணினி தன்னையே கூப்பிடும் முகவரி. ரவுட்டர், வைஃபை எதற்கும் இதில் பங்கில்லை. இங்கேயே நுழைய முடியாவிட்டால் குறை சர்வரில்தான்.

சர்வர் சாளரத்தில் "ஃபெயில்ட் டு பைண்ட் டு போர்ட்" என்று இருக்கிறதா? இரண்டு காரணங்கள்தான் அதிகம். முன்பு திறந்த சர்வர் பின்னால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம், டாஸ்க் மேனேஜரில் அந்த ஜாவாவை மூடுங்கள். அல்லது சர்வர் ப்ராபர்ட்டீஸ் கோப்பில் சர்வர்-ஐபி என்ற வரியில் வீட்டின் பொது ஐபி முகவரியை (இணையத்துக்கு உங்கள் வீடு தெரியும் எண்) யாரோ எழுதியிருக்கலாம். அந்த வரி காலியாகவே இருக்க வேண்டும். பொது முகவரி ரவுட்டருக்குச் சொந்தம், கணினிக்கு அல்ல. தன்னிடம் இல்லாத முகவரியில் சர்வரால் உட்கார முடியாது.

தனி சர்வர் இல்லாமல், விளையாட்டுக்குள்ளேயே "ஓப்பன் டு லேன்" பொத்தானை அழுத்தி ஹோஸ்ட் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீங்களாக எண் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் அது வேறு போர்ட்டை எடுத்துக்கொள்ளும். ரவுட்டரில் 25565ஐத் திறந்துவிட்டு இதில் ஹோஸ்ட் செய்தால் யாரும் வர முடியாது. ஒரு முறை விளையாடுவதற்குச் சரி, தொடர்ந்து நடத்தப் போகிறீர்கள் என்றால் தனி சர்வர் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள்.

4. கணினிக்கு நிலையான உள்முகவரி

விண்டோஸ் அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், உங்கள் இணைப்பின் விவரத்தில் ஐபிவி4 முகவரியைப் பாருங்கள். பெரும்பாலும் 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை, கேபிளையோ வைஃபையையோ முதலில் பாருங்கள்.

இந்த முகவரியை ரவுட்டர் தற்காலிகமாகத்தான் கொடுக்கிறது. நாளைக்கு அதே எண் வீட்டுத் தொலைக்காட்சிக்குப் போகலாம். அப்போது நீங்கள் திறந்த போர்ட் தொலைக்காட்சியைத் தேடிப் போகும். "நேற்று வேலை செய்தது, இன்று இல்லை" என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான். ரவுட்டரில் "அட்ரஸ் ரிசர்வேஷன்" என்ற பகுதியில் உங்கள் கணினிக்கு ஓர் எண்ணை ஒதுக்கிவிடுங்கள். கணினியில் கையால் எண் போடுவதைவிட இதுவே நல்லது. ஒரே எண்ணை இரண்டு கருவிகளுக்குக் கொடுக்காமல் ரவுட்டரே பார்த்துக்கொள்ளும்.

வைஃபையில் இருந்தால் விண்டோஸில் "ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரசஸ்" அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இயங்கினால் கணினி வேறு அடையாளத்தோடு போய் நிற்கும், ரவுட்டர் அதை அடையாளம் கண்டு ஒதுக்கிய எண்ணைக் கொடுக்காது. விபிஎன் ஏதாவது ஓடினால் அதையும் இப்போதே நிறுத்துங்கள்.

5. வீட்டுக்குள் இன்னொரு கணினி: ஃபயர்வால்

அதே வைஃபையில் உள்ள வேறொரு மடிக்கணினியிலிருந்து, 4ஆம் படியில் கிடைத்த உள்முகவரியைக் கொடுத்து நுழைந்து பாருங்கள். இரண்டிலும் ஒரே கணக்கு என்றால் முதல் கணினியில் வெளியேறிவிட்டு நுழையுங்கள், இல்லாவிட்டால் சர்வர் ஒன்றை வெளியே தள்ளிவிடும்.

நுழைய முடிந்தால் 6ஆம் படிக்குப் போங்கள். முடியாவிட்டால் ஏறக்குறைய எப்போதும் விண்டோஸ் ஃபயர்வால்தான் காரணம். இங்கேதான் புதியவர்கள் அதிக நேரம் தொலைக்கிறார்கள், ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

சர்வரை முதன்முதலில் ஓட்டும்போது, ஜாவாவை அனுமதிக்கலாமா என்று ஒரு பெட்டி வரும். அவசரத்தில் "கேன்சல்" அழுத்தினால் விண்டோஸ் அதை "வேண்டாம்" என்று எடுத்துக்கொண்டு, தடை விதிகளை எழுதி வைத்துவிடும். பெட்டி மறுபடி வராது. பிறகு நீங்கள் போர்ட் 25565க்கு அழகாக ஓர் அனுமதி விதி எழுதினாலும் பயனில்லை. ஒரே கோரிக்கைக்குத் தடையும் அனுமதியும் இருந்தால் விண்டோஸில் தடைதான் வெல்லும்.

ஈசூனில் ஒரு வீட்டில் பார்த்தது இது. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர் ரவுட்டரை ஒரு வாரமாகக் குடைந்துகொண்டிருந்தார். ஃபயர்வாலின் "அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ்" திறந்து "இன்பவுண்ட் ரூல்ஸ்" பட்டியலில் இறங்கினால், ஜாவா பெயரில் பச்சைக் குறியுடன் ஒரு விதி, அதற்கு நாலு வரி கீழே சிவப்புத் தடைக்குறியுடன் அதே பெயரில் இரண்டு. சிவப்பு இரண்டையும் அழித்தோம். ரவுட்டரில் கை வைக்காமலே அண்ணனின் மடிக்கணினி உள்ளே வந்துவிட்டது.

நீங்களும் அதையே செய்யுங்கள். பட்டியலைப் பெயர் வாரியாக வரிசைப்படுத்தி, ஜாவா அல்லது உங்கள் கேமின் பெயரில் சிவப்புக் குறி இருந்தால் நீக்குங்கள். பிறகு அந்த நிரலுக்கோ போர்ட்டுக்கோ ஓர் அனுமதி விதி. கணினியில் இரண்டு மூன்று ஜாவா பதிப்புகள் இருந்தால், சர்வர் எதில் ஓடுகிறதோ அதற்கு அனுமதி இருக்க வேண்டும்.

அடுத்து, வீட்டு வைஃபை விண்டோஸில் "பப்ளிக்" என்று பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிய கணினிகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். நீங்கள் "பிரைவேட்" வலையமைப்புக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தால் அது செல்லாது. வீட்டு இணைப்பை "பிரைவேட்" ஆக்குங்கள்.

ஃபயர்வாலை முழுதாக அணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் சொல்வார்கள். ஒரு நிமிடச் சோதனைக்குச் சரி. அதற்கு மேல் வேண்டாம். இன்னும் இரண்டு படிகளில் உங்கள் கணினியை நோக்கி இணையத்திலிருந்து ஒரு வழி திறக்கப் போகிறீர்கள், அந்த நேரத்தில் காவல் இல்லாமல் இருக்கக் கூடாது.

ஃபயர்வாலும் சரியாக இருந்து வரவில்லை என்றால், இரண்டு கணினியும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். "கெஸ்ட்" வைஃபையில் உள்ள கருவிகளை மற்றவற்றோடு பேசவிடாமல் ரவுட்டர் பிரித்து வைக்கும். பிங் கட்டளைக்கு (இன்னொரு கணினி பதில் தருகிறதா என்று பார்ப்பது) பதில் வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், விண்டோஸ் அதைத் தனியாகவே தடுக்கும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

6. போர்ட் திறக்கும் முன்: உங்கள் ரவுட்டர் உண்மையிலேயே வாசலில் இருக்கிறதா?

எல்லா வழிகாட்டிகளும் நேராகப் போர்ட் ஃபார்வர்டிங்குக்குப் போய்விடும். இந்தப் படியை முதலில் செய்யாவிட்டால் மணிக்கணக்கில் வீண்வேலை நடக்கும்.

ரவுட்டர் பக்கத்தில் "வான் ஐபி" அல்லது "இன்டர்நெட் ஐபி" என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கூகலில் "என் ஐபி முகவரி என்ன" என்று தேடி, ஐபிவி4 எண்ணைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்கள் ரவுட்டர்தான் வாசல், 7ஆம் படிக்குப் போகலாம். வேறுபட்டால் நடுவில் இன்னொருவர் இருக்கிறார். அது யார் என்பதை வான் ஐபியே சொல்லும்.

வான் ஐபி 192.168 அல்லது 10 என்று தொடங்கினால் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இரண்டு ரவுட்டர்கள். சிங்கப்பூர் வீடுகளில் இது சர்வ சாதாரணம். ஃபைபர் வந்து முடியும் பெட்டிக்குப் பக்கத்தில் டெல்கோ கொடுத்த கருவி இருக்கும். சில திட்டங்களில் அது வெறும் ஃபைபர் மோடம், சிலவற்றில் ரவுட்டரும் சேர்ந்த ஒரே பெட்டி. பின்னது இருக்கும்போது கண்காட்சியில் வாங்கிய மெஷ் ரவுட்டரை அதன் பின்னால் செருகினால் இரட்டை ரவுட்டர் ஆகிவிடும். நீங்கள் போர்ட் திறப்பது இரண்டாவது கதவில், கோரிக்கை முதல் கதவிலேயே நின்றுவிடுகிறது.

தீர்வு மூன்று. உங்கள் மெஷ்ஷை, வைஃபையை மட்டும் பரப்பும் "அக்சஸ் பாயின்ட்" முறைக்கு மாற்றிவிட்டு, டெல்கோ பெட்டியில் போர்ட் திறக்கலாம். பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது இதைத்தான். ஒரே பொத்தானில் முடியும், பிடிக்காவிட்டால் திரும்பவும் மாற்றலாம். மாற்றிய பிறகு கணினியின் உள்முகவரி மாறிவிடும், ஆகவே 4ஆம் படியை டெல்கோ பெட்டியில் மறுபடி செய்ய வேண்டும். இரண்டாவது, டெல்கோ பெட்டியை, ரவுட்டர் வேலையை விட்டு வெறும் மோடமாக இயங்கும் "பிரிட்ஜ்" முறைக்கு மாற்றுவது. இதற்குச் சில நேரம் டெல்கோவைக் கூப்பிட வேண்டும். அதோடு வீட்டுத் தொலைபேசியும் தொலைக்காட்சிப் பெட்டியும் அதே கருவியில் செருகியிருந்தால் அவை நின்றுபோகலாம். தாத்தா பார்க்கும் தொடர் நடுவில் நிற்காதபடி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது, இரண்டு ரவுட்டரிலும் அடுத்தடுத்துப் போர்ட் திறப்பது. வேலை செய்யும், ஆனால் பிழை தேட வேண்டிய இடம் இரண்டாகும்.

வான் ஐபி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் கதை வேறு. ஐபிவி4 முகவரிகள் போதாததால், டெல்கோ பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. இந்த எண் வரிசை 2012இல் அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. புளோக் எண் மட்டும் எழுதி வீட்டு எண் எழுதாத கடிதம் போல, வெளியிலிருந்து வரும் கோரிக்கை டெல்கோ வரை வந்து நின்றுவிடும். உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஹோஸ்ட் செய்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே நிலைதான். நேராக 9ஆம் படிக்குப் போங்கள்.

7. போர்ட் ஃபார்வர்டிங்

ரவுட்டரில் "போர்ட் ஃபார்வர்டிங்" அல்லது "விர்ச்சுவல் சர்வர்" பகுதியில் புதிய விதி ஒன்று. வெளிப் போர்ட் 25565, உள் போர்ட் 25565, வகை டிசிபி, உள்முகவரி 4ஆம் படியில் ஒதுக்கிய எண். சேமித்த பிறகு விதிக்குப் பக்கத்தில் "எனேபிள்" இயங்குகிறதா என்று பாருங்கள். சில ரவுட்டர்களில் சேமித்தாலும் அது தானாக இயங்காது.

"டிஎம்இசட்" என்ற பகுதியைத் தொடாதீர்கள். அது ஒரு போர்ட்டுக்குப் பதில் எல்லாப் போர்ட்டையும் உங்கள் கணினிக்குத் திருப்பிவிடும்.

8. வெளியிலிருந்து சோதனை

உங்கள் வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே பொது ஐபியைக் கொடுத்துச் சோதிக்காதீர்கள். உள்ளிருந்து வெளியே போய் மறுபடி உள்ளே திரும்பும் கோரிக்கையைப் பல ரவுட்டர்கள் ஏற்பதில்லை. வெளியில் எல்லாருக்கும் சரியாக இருக்கும்போது உங்களுக்கு மட்டும் தோற்றுப்போகும், சரியான அமைப்பை நீங்களே கலைத்துவிடுவீர்கள்.

இன்னொரு மடிக்கணினியைக் கைப்பேசியின் மொபைல் டேட்டாவில் இணைத்துச் சோதியுங்கள், அல்லது நண்பரைக் கேளுங்கள். போர்ட் திறந்திருக்கிறதா என்று காட்டும் இணையத்தளங்களும் உண்டு. ஆனால் சர்வர் ஓடும்போதுதான் அவை "திறந்திருக்கிறது" என்று காட்டும். பெரும்பாலானவை டிசிபியை மட்டுமே சோதிக்கும், ஆகவே வால்ஹெய்ம் ஹோஸ்ட் செய்பவர்கள் அதை நம்பிப் பயப்பட வேண்டாம்.

9. போர்ட் திறக்கவே முடியாத வீடுகளில்

டெல்கோவின் பொது முகவரிக்குப் பின்னால் இருப்பவர்கள், பல்கலைக்கழக விடுதியில் இருப்பவர்கள், வாடகை அறையில் வீட்டுக்காரரின் வைஃபையைப் பயன்படுத்துபவர்கள் எல்லாரும் இந்த வகை. டெல்கோவிடம் தனிப் பொது ஐபி கேட்டுப் பார்க்கலாம், சில திட்டங்களில் மாதக் கட்டணம் இருக்கும். நாலைந்து பேர் விளையாட அது தேவையில்லை என்பது என் கருத்து.

டெய்ல்ஸ்கேல் அல்லது ஸீரோடயர் போட்டுக்கொள்ளுங்கள். சர்வர் கணினியிலும் நண்பர்கள் கணினிகளிலும் நிறுவி ஒரே குழுவில் சேர்த்தால், எல்லாரும் ஒரே வீட்டில் இருப்பது போல் பேசிக்கொள்ளும். டெய்ல்ஸ்கேலில் ஒவ்வொரு கணினிக்கும் 100 என்று தொடங்கும் முகவரி கிடைக்கும், நண்பர்கள் கேமில் அதைக் கொடுத்தால் போதும். 6ஆம் படியில் ரவுட்டரில் பார்த்த 100ஐயும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டும் ஒரே எண் வரிசையிலிருந்துதான் வருகின்றன.

நேரடி வழி கிடைக்காதபோது இவை இடையில் ஒரு சர்வர் வழியாகச் சுற்றிப் போகும். அப்போது தாமதம் கூடும், ஆனால் விளையாட முடியும். நம்பகமானவர்களை மட்டும் குழுவில் சேருங்கள்.

10. நுழைகிறார்கள், ஆனால் இழுக்கிறது, அறுகிறது

யாருக்கு என்று முதலில் பாருங்கள். எல்லாருக்கும் என்றால் உங்கள் பக்கம். ஒருவருக்கு மட்டும் என்றால் அவர் பக்கம்.

உங்கள் பக்கம் என்றால் ஃபைபரின் வேகத்தைவிட வைஃபைதான் முதல் சந்தேகம். பல வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீடுகளில் ரவுட்டரை மறைவாக வைக்க வேண்டும் என்று பாம் ஷெல்டருக்குள் (வீட்டிலுள்ள பாதுகாப்பு அறை) வைத்துவிடுகிறார்கள். கனமான கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் வைஃபையைத் தின்றுவிடும். சர்வர் கணினியை மட்டுமாவது கேபிளில் இணையுங்கள். மடிக்கணினி தூங்கப் போகாதபடி மின்சார அமைப்பையும் மாற்றுங்கள். "அரைமணிக்கு ஒரு தடவை எல்லாரும் வெளியே விழுகிறோம்" என்பது அடிக்கடி இதனால்தான்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் ஐ2ஐ கடலடி கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர் போகும். போய்வர 32 மில்லிநொடி ஆகும், எந்த ரவுட்டராலும் அதைக் குறைக்க முடியாது. திருச்சியிலிருந்து பிங் (போய்வரும் நேரம்) 40, 60 மில்லிநொடி என்று வந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். 150, 200 என்று ஏறி இறங்கினால் அவர்கள் வீட்டு வைஃபையையோ மொபைல் சிக்னலையோ பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் இங்கே எதையும் மாற்ற வேண்டாம்.

11. வேலை செய்த பிறகு

சர்வரில் "வைட்லிஸ்ட்" போட்டு நண்பர்களின் பெயர்களை மட்டும் சேருங்கள். திறந்த போர்ட்டுகளைத் தேடி இணையம் முழுக்கத் தானியங்கி நிரல்கள் அலைகின்றன, முகவரியை யாரிடமும் சொல்லாவிட்டாலும் கண்டுபிடித்துவிடும். சர்வர் பதிப்பையும் பழசாக விடாதீர்கள். 2021 டிசம்பரில் வெளிப்பட்ட லாக்4ஷெல் ஓட்டை, சாட்டில் ஒரு வரி தட்டியே மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் ஓடும் கணினியைக் கைப்பற்றும் அளவுக்கு மோசமானது. 1.18.1இல் அது அடைக்கப்பட்டது. பழைய மாட்களுக்காக (கேமை மாற்றியமைக்கும் கூடுதல் நிரல்கள்) அதற்கு முந்தைய பதிப்பை ஓட்டுபவர்கள், அந்தப் பதிப்புக்கான திருத்தத்தைக் கட்டாயம் போட வேண்டும்.

வீட்டின் பொது ஐபி அவ்வப்போது மாறும், குறிப்பாக ரவுட்டரை அணைத்துப் போட்டால். திடீரென்று எல்லாருக்கும் "டைம்ட் அவுட்" வந்தால் முதலில் அதைப் பாருங்கள். அடிக்கடி மாறினால் ரவுட்டரிலேயே "டிடிஎன்எஸ்" வசதியை இயக்கி ஒரு பெயரை வாங்கிக்கொண்டு, எண்ணுக்குப் பதில் அந்தப் பெயரை நண்பர்களுக்குக் கொடுக்கலாம்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், ரவுட்டரில் எழுதிய போர்ட் விதியை நீக்கிவிடுங்கள். அடுத்த முறைக்கு வேண்டும் என்றால் ரவுட்டர் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு நீக்குங்கள்.